கருப்பட்டியோடு வந்த வெள்ளந்தி

தோணி நங்கூரம் எடுத்த கையோடு காசிலிங்கம் ஓரத்தில் குப்புறப் படுத்துக் கடல்நீரை ஒரு கை அள்ளி வாயில் விடுவான். "அண்ணாச்சி, இங்கனயும் கரிக்குது!" என்று கூவுவான். முயல்தீவு தாண்டியதும் ஒரு தடவை, கரை மறைந்ததும் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே ஆச்சரியம். முப்பது வயது ஆள். சாப்பிட உட்கார்ந்தால் முதல் உருண்டையைக் கடலில் போடுவான். "அடியில மீனுதானே தோணியத் தாங்குது? பாவம்லா!"

அவன் கடலுக்கு வந்ததே ஒரு கூத்து. உடன்குடிப் பக்கத்துப் பனையேறி. இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், கருப்பட்டிச் சிப்பங்களோடு வண்டியில் தூத்துக்குடி வந்தான். சிப்பங்களைத் தோணியில் அடுக்கிவிட்டு, "இது எங்க போவுது?" என்று கேட்டான்.

"கொழும்புக்கு" என்றார் மரியான். தோணியை நடத்தும் தண்டல் அவர்தான்.

"அப்ப நானும் வாரேன்!"

வண்டியைக் கூட வந்தவனிடம் விட்டுவிட்டு, உடுத்திய வேட்டியோடு ஏறிவிட்டான். ஆள் குறைவாக இருந்ததால் மரியானும் மறுக்கவில்லை.

அன்று மாலையே அவனுக்குப் பெயர் விழுந்தது. தோணியாள் ஜேசுபாதம், "நடுக்கடல்ல ஒரு கோடு கெடக்கு. தாண்டும்போது தோணி தூக்கிப் போடும். கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றான். காசிலிங்கம் இருட்டும்வரை பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றான். பிறகு பூரிப்போடு, "ஆமாண்ணே, நல்லாத் தூக்கிப் போட்டிச்சு!" என்றான்.

"சரியான வெள்ளந்திப்பய!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

"எங்க ஊர்ல பொண்ணு குடுக்கும்போதுல்லா அப்படிச் சொல்லுவாவ! பையன் வெள்ளந்தி, கண்ண மூடிக்கிட்டுக் குடுக்கலாம்னு."

மரியானுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. கரையில் அது பொண்ணு கொடுக்கும் சொல்லாக இருக்கலாம். கடலில் அதற்குப் பொருள் வேறு: காற்றும் தெரியாதவன், கயிறும் தெரியாதவன், ஆபத்தில் அடுத்தவனுக்குச் சுமை. இவனைக் கூட்டி வந்தோமே என்று அவருக்குக் கவலை பிடித்தது.

மூன்றாம் நாள் நண்பகல், கொழும்பை நெருங்கும் நேரத்தில் வானம் சட்டென்று கறுத்தது. சூறைக்காற்று பாயில் அறைந்தது. பாயை இறக்கலாமென்றால் கயிறு மரத்தின் உச்சியில், கப்பியில் சிக்கிக்கொண்டது. தோணி சரிய, தண்ணீர் ஓரம் தாண்டி உள்ளே கொட்டியது. ஏறப்போன ஜேசுபாதம் பாதி மரத்தில் வழுக்கி விழுந்தான்.

"மாதாவே! மேல போயி அந்தக் கயித்த வெட்டணும்லே!" என்று மரியான் அலறினார்.

"இவ்வளவுதானா அண்ணாச்சி?"

காசிலிங்கத்தின் இடுப்பில் பாளை சீவும் அருவாள் இருந்தது. கிடந்த கயிற்றை வளையமாக முடிந்து காலில் மாட்டினான். ஆடுகிற மரம், நனைந்த மரம், அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். மரியான் முகத்து நீரை வழித்துவிட்டுப் பார்த்தபோது அவன் உச்சியில் இருந்தான். "எல்லாரும் வெலகுங்க!" ஒரே வெட்டு. பாய் தடதடவென்று சரிந்து விழுந்தது. தோணி உதறிக்கொண்டு நிமிர்ந்தது.

மழை விலகிய பிறகும் அவன் இறங்கவில்லை.

"ஏலே காசி! எறங்குலே!" மரியான் கீழிருந்து கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஊரு தெரியுது! யம்மா, எத்தன வீடு! அங்கன ரயிலு போவுது!"

இரண்டு காலாலும் மரத்தைக் கவ்விக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து, தன்னை ஒருத்தருக்கும் தெரியாத அந்த ஊரைப் பார்த்து அவன் வீசி வீசி ஆட்டிக்கொண்டிருந்தான்.