மீன்கடைக்கு வந்த துரோகி

எட்னா ப்ரூவெட் லண்டனில் எங்கள் தெருச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். போர்க்காலத்தில் துறைமுகத்தில் இரண்டு டின் இறைச்சி திருடிய அவள் புருஷனை, நீதிபதி 'தேசத்துரோகி' என்று திட்டி ஜெயிலுக்கு அனுப்பினார்.

லயனல் கார்வுட் பெரிய வீட்டுப் பிள்ளை, சர் பட்டம் வாங்கியவன். எதிரிக்கு உளவு சொல்லி நம் ஆட்களைச் சாகக் கொடுத்தான். அரசாங்கத்திடம் ரகசியமாக ஒப்புக்கொண்டதால் மன்னித்துவிட்டார்கள்; அவன்மேல் வழக்கே இல்லை. இது பேப்பரில் வந்த வெள்ளிக்கிழமை, மீன்கடை வரிசை அவனை வாயாலேயே தூக்கில் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போது அவனே உள்ளே வந்தான். கடை கப்சிப். வரிசை தானாக விலகி வழிவிட்டது.

"வாங்க சார், என்ன வேணும்?" என்று கடைக்காரர் சிரில் பணிவாகத் தொப்பியைத் தொட்டார்.

வரிசையில் இருந்த எட்னா மட்டும் குறுக்கே நின்றாள். "பின்னாடி போய் நில்லுய்யா. நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?"

"எட்னா, மரியாதையாப் பேசு. பெரிய மனுஷர்!" என்று சிரில் பதறினார்.

"ஜெயிலுக்குப் போய் வந்த என் புருஷனை நீ கடைக்குள்ளயே விடலையே சிரில்!"

சிரில் நல்ல துண்டமாகப் பார்த்து கார்வுட்டுக்கே முதலில் கட்டிக் கொடுத்தார்.

அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தியதும், அந்த வெட்கங்கெட்ட வரிசை அவனை மறுபடி தூக்கில் போட ஆரம்பித்தது.