‘இல்லை’ என்று நான் போட்ட கையெழுத்து

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஆய்வு செய்பவர்களுக்குக் கட்டுரை தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. நான் தேடிக் கிடைக்காதது உலகத்திலேயே இருக்காது என்கிற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. அது எப்படி இறங்கியது என்பதை, புதிதாக ஆய்வுக்குள் நுழைகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. ஒன்பது கட்டுரை

தேவகி எங்கள் கல்லூரியில் பிசியோதெரபி விரிவுரையாளர். வயது நாற்பத்தாறு. தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ரப்பர் மரம் வெட்டுகிறவர்களில் சிலருக்கு இடுப்பு போகிறது, சிலருக்குத் தோள் போகிறது, ஏன்? இதுதான் தேவகியின் பி.எச்.டி. கேள்வி.

முதல் முறை அவளுடைய ஆய்வுத் திட்டத்தை அதைப் பரிசீலிக்கும் குழு திருப்பி அனுப்பிவிட்டது. முன்னால் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது அவர்கள் சொன்ன குறை. இரண்டாவது முறையும் திரும்பி வந்தால் பதிவு ரத்து. மூன்று வாரம்தான் இருந்தது.

நான் ஆங்கிலத்தில் ‘ரப்பர் டேப்பர்’ என்று தட்டி ஐந்தாறு டேட்டாபேஸில் தேடினேன். ஒன்பது கட்டுரை வந்தது. எதுவுமே அவள் கேள்விக்குப் பக்கத்தில்கூட இல்லை. தேடல் அறிக்கை என்று எங்களிடம் ஒரு பாரம், அதாவது படிவம், உண்டு. அதில் ‘முன் ஆய்வு இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

“நெசமா இல்லையாக்கா?”

“நான் தேடி இல்லன்னா இல்லதான் லா. போய் எழுது.”

பாவம், நம்பிப் போய் எழுதினாள். ‘இக்கேள்வியை இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்பதுதான் அவள் திட்டத்தின் முதல் வரி.

2. ஸ்கூல் பாரம்

குழுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆய்வில் சேரும் தொழிலாளர்களுக்கான விளக்கத் தாளை மலாயிலும் கேட்டார்கள். தேவகி என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று பேனா நின்றுவிட்டது.

“அக்கா, இங்க பாருங்க. ‘பெனோரே கெத்தா’.”

“ஆமா, பால்மரம் வெட்டுறவங்க. அதுக்கென்ன?”

“ஸ்கூல் பாரத்துல பெற்றோர் தொழில்னு கேப்பாங்கல்ல. வருசா வருசம் இதத்தான் எழுதினேன். பதினோரு வருசம். நாம தேடும்போது இத ஒரு தடவகூட தட்டலையே.”

எனக்குச் சுருக்கென்றது. இந்த நாட்டில் மரம் வெட்டுகிறவனைப் பற்றி இந்த நாட்டு மொழியில் எழுதியிருக்க மாட்டார்களா? இது எனக்குத் தோன்ற வேண்டாமா? இத்தனை வருட சர்வீஸ்!

தட்டினோம். உள்ளூர்ப் பத்திரிகைகள், மலாய் ஆய்வேடுகள் என்று திரை நிறைந்துவிட்டது. அதில் ஓர் ஆய்வேட்டின் ரெஃபரன்ஸ் பட்டியலைக் கடைசிவரை படித்தோம். அதில் தோட்டத்து ஆஸ்பத்திரி அறிக்கைகள் இருந்தன. அவற்றில் ‘டேப்பர்’ என்ற சொல்லே கிடையாது, எல்லாரும் வெறும் ‘லேபரர்’. காலத்துக்குக் காலம் சொல் மாறியிருக்கிறது. நான்தான் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த அறிக்கைகள் எங்கே இருந்தன தெரியுமா? எங்கள் ஸ்டோர் ரூமில். மூடிய தோட்டங்களின் ஆபீசிலிருந்து பெட்டி பெட்டியாக வந்ததை வாங்கி வைத்தவளே நான்தான். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

ஒரு டிரெசர் எழுதிய அறிக்கை கிடைத்தது. தோட்டத்தில் டாக்டர் எப்போதாவதுதான் வருவார், மருந்து கொடுப்பதெல்லாம் டிரெசர்தான். அந்த மனிதர் தன்னிடம் வலி என்று வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதியிருந்தார். எங்கே வலி, எத்தனை நாளாக, மரத்தில் எந்த உயரத்தில் வெட்டுகிறார். குனிந்து வெட்டுகிறவர்களுக்கு இடுப்பு. தலைக்கு மேல் எட்டி வெட்டுகிறவர்களுக்குத் தோள். கம்ப்யூட்டர் இல்லை, கருவி இல்லை, செய் என்று யாரும் சொன்னதாகவும் தெரியவில்லை. காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் நடுவில் உட்கார்ந்து இதையும் எழுதியிருக்கிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது. நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

3. வராதவர்கள்

பிறகுதான் தேவகிக்கு உறைத்தது.

“போச்சுக்கா. நான் கேக்க நெனச்சத இந்த மனுசன் அப்பவே கேட்டு முடிச்சிட்டாரு. இனி எனக்கு என்ன இருக்கு?”

‘இல்லை’ என்று கையெழுத்துப் போட்டவளே நான். வெட்கமாக இருந்தது. ஒரு பெரிய தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டேன். யாரைப் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், யாரைப் பார்க்கவில்லை. கிடைத்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படித்து இரண்டு நாளில் நிரப்பினோம். நான்காவது கட்டம் மட்டும் எல்லா வரியிலும் காலி.

தேவகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டாள்.

“அம்மா, தோட்டத்துல தோளு வலிச்சப்ப டிரெசர்கிட்ட போனீங்களா?”

“எங்க போறது? போனா கிராணி அரப்பேரு போட்டுருவாரு. வலியோடதான் மரத்துக்குப் போனேன். ஏன், இப்ப என்னா?”

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர், அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. போனை வைத்துவிட்டு தேவகி அந்த நான்காவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்லை எழுதினாள்: ‘வராதவர்கள்’. டிரெசர் எழுதியது வந்தவர்களைத்தான். பின்னால் வந்த ஆய்வாளர்களும் கிளினிக் கார்டை வைத்தே எண்ணியிருக்கிறார்கள். அவள் அம்மா எந்தத் தாளிலும் இல்லை. எத்தனை பேர் படித்த தாள்கள் அவை! ஒருவர் கண்ணிலும் இது படவில்லையே என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

குழு முன் போகும்போது ‘யாரும் ஆராயவில்லை’ என்ற வரி அவள் திட்டத்தில் இல்லை. வேறு யாரும் செய்யவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று ஒருவர் கேட்டாராம். முடியாது என்று சொல்லிவிட்டு, தேவகி இப்படிச் சொல்லியிருக்கிறாள்: எந்தச் சொல்லால், எங்கே தேடினேன் என்பது பின்னிணைப்பில் இருக்கிறது. ஒரு டிரெசர் பாதி வேலையை முடித்துவிட்டார். அவரிடம் வராதவர்களைத் தேடி நான் போகிறேன். இவ்வளவுதான் பதில். திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, அந்தப் பாரத்தில் ‘இல்லை’ கட்டத்தில் நான் டிக் போட்டதே இல்லை. பக்கத்தில் ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்று பேனாவால் எழுதி, தேடிய சொற்களையெல்லாம் கீழே வரிசையாகப் போட்டுத்தான் கையெழுத்திடுவேன். தேட உட்காருவதற்கு முன்னால், ஆய்வாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

“இத ஒங்க வீட்டுல என்னன்னு சொல்லுவாங்க?”