ஜன்னல் காடிக்கு ஒரு வளைந்த மூக்கு

பொம்மசந்திராவில் வேக்குவம் கிளீனர் செய்கிற ஒரு கம்பெனியில் மெர்சிக்கு டிசைன் வேலை. மிஷினை டிசைன் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். குழாயின் முனையில் மாட்டுகிற துண்டுகள்தான் அவள் பொறுப்பு. தரைக்கு அகலமாக ஒன்று, சோபாவுக்குக் குட்டையாக ஒன்று, சந்துபொந்துகளுக்கு ஒல்லியாக ஒன்று. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மூக்கு செய்றேன்" என்பாள். கேட்டவர்கள் அவளை ஏதோ பெரிய டாக்டர் என்று நினைத்து மரியாதையாகப் பார்ப்பார்கள். சில சமயம் அவளும் திருத்த மாட்டாள்.

இந்த வேலையால் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எங்கே போனாலும் கண் மூலைக்குப் போகும், கண்ணுக்குப் பின்னாலேயே விரலும் போகும். பஸ் சீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் விரல் நுழையுமா, லிஃப்ட் கதவின் கீழே உள்ள பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். சர்ச்சில் ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது, இவள் முன் பெஞ்சின் இடுக்கை விரலால் அளந்துகொண்டிருப்பாள். அல்சூரில் அவளுடைய அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அந்தப் பழக்கம் அவளுடைய கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது.

வரன் சாலமன், பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். சொந்த வீடு கோலார் தங்கவயலில், பழைய சுரங்கத் தொழிலாளர் லைனில். அப்பா தவறிவிட்டார். அம்மா மரகதம் மட்டும் அங்கே இருந்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது மெர்சியும் கூடப் போனாள். வெளியே ஆடிக் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்து சொந்தபந்தம் விசாரித்துக்கொண்டிருக்க, மெர்சிக்குப் பக்கத்தில் ஒரு மர ஜன்னல். அதன் கீழ்ச்சட்டத்தில் நீளமாகச் செதுக்கிய பள்ளம், ஒரு காடி. வலது கை ஆள்காட்டி விரல் தானாகப் போய் அதில் உட்கார்ந்து, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரு இழுப்பு இழுத்தது.

கேக் தட்டோடு வந்த மரகதம் அதைப் பார்த்துவிட்டார். தட்டை வைத்தார். அதற்குப் பிறகு காபி வரவில்லை.

இரண்டு நாள் கழித்து சாலமன் போன் செய்தான்.

"ஒண்ணு கேக்கலாமா? எங்க வீட்டு ஜன்னல்ல என்னா பண்ணீங்க?"

"ஜன்னல்லயா? நான் ஒண்ணும் பண்ணலயே."

"எங்கம்மா மூணு வேளையும் அதையேதான் சொல்லிட்டிருக்காங்க. பொண்ணு வீடு பாக்க வந்துச்சா, தூசி பாக்க வந்துச்சான்னு."

மெர்சிக்கு முகம் சூடாகிவிட்டது. ஒல்லி மூக்கைப் பற்றியும், காடியின் அகலத்தைப் பற்றியும், அந்த மர ஜன்னலின் காடி தன் விரலுக்குச் சரியாக இருந்ததைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தாள். கட்டாகவில்லை. சாலமன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று மெர்சிக்குத் தோன்றியது. மரகதத்தைச் சமாதானப்படுத்த அவனுக்குச் சில மாதங்கள் பிடித்தன. கல்யாணம் நடந்தது. ஆனால் மாமியாரின் மனதில் அந்த விரல் அப்படியே இருந்தது.

அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்தது, அது அப்போது மெர்சிக்குத் தெரியாது. தங்கவயலில் சுரங்கத்துக் கழிவுமண்ணைக் கொட்டிக் கொட்டி மலை மலையாக நிற்கிறது. தங்கம் பிரிக்கச் சயனைடு ஊற்றிய மண் என்பதால் சயனைடு மேடு என்பார்கள். காற்று மாதம் வந்தால் அந்த வெள்ளை மண் எழுந்து வந்து ஊரையே மூடும். சோற்றில், துணியில், தலையணையில் எல்லாம் நறநறக்கும். கல்யாணமாகி அந்த லைனுக்கு வந்த நாளிலிருந்து மரகதம் ஈரத்துணியோடு அந்த மண்ணை எதிர்த்து நின்றவர்.

முழங்கால் வலி அதிகமானதும் சாலமன் அம்மாவைத் தங்களோடு அழைத்து வந்தான். பொம்மசந்திராவுக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டில் நான்காவது மாடி. இங்கே சயனைடு மேடு கிடையாது. ஆனால் சுற்றிலும் ஏதாவது ஒரு கட்டடம் எழுந்துகொண்டே இருக்கும், சிமெண்ட் தூசி பறந்துகொண்டே இருக்கும். மரகதம் வந்த மறுநாளே ஈரத்துணியை எடுத்துவிட்டார். மருமகளிடம் தேவைக்குப் பேசுவார். சாப்பாடு கட்டிக் கொடுப்பார், அதில் ஒரு குறை இருக்காது. ஆனால் மெர்சி வீட்டுக்குள் எங்கே கையை வைத்தாலும் அவர் கண் அந்தக் கையின் பின்னாலேயே போகும்.

கம்பெனியில் அப்போது புதிதாக ஒரு வேலை வந்திருந்தது. மிஷின் வாங்கினவர்கள் அதோடு கொடுக்கிற துண்டுகளை டப்பாவிலிருந்து எடுப்பதே இல்லை என்று சர்வீஸ் ஆட்கள் சொன்னார்கள். மெர்சியின் மேலாளர் ரகுராம் அவளைக் கூப்பிட்டு, "ஸ்லைடிங் ஜன்னலுக்குன்னு ஒண்ணு பண்ணு. பெங்களூர்ல எந்த ஃபிளாட்ட பாத்தாலும் அந்த டிராக்தான், எல்லார் வீட்லயும் அதுலதான் அழுக்கு" என்றார்.

சொல்வது சுலபம். கண்ணாடிக்கு இரண்டு, கொசுவலைக்கு ஒன்று என்று அடுத்தடுத்து காடிகள். அதில் புறா இறகு, செத்த கொசு, மழையில் நனைந்து காய்ந்து கல்லாய்ப்போன மண். மெர்சி முதலில் செய்த மூக்கு காடிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. அவ்வளவு கச்சிதம்தான் வம்பாகிவிட்டது. அடியில் போய் முனை ஒட்டிக்கொள்ள, காற்று போக வழியில்லாமல் மிஷின் ஓலமிட்டது. தூசி இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே காற்று வந்தால்தானே அழுக்கைக் கூட்டிக்கொண்டு போகும்? முனையின் இரண்டு பக்கமும் பிறை மாதிரி வெட்டிவிட்டாள். ஓலம் நின்றது, தூசி நகர்ந்தது. ஆனால் காடி முடிகிற மூலையில் மட்டும் ஒரு பிடி மண் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த மூலையின் சரியான வடிவம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில் பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவிலிருந்து ஒரு உருண்டையைக் கிள்ளி எடுத்துவந்து, ஜன்னல் மூலையில் வைத்து அமுக்கினாள்.

"டேய் சாலமா! இங்க வாடா!" மரகதத்தின் குரல் ஹாலை நிறைத்தது. "சாப்பிடற மாவ எடுத்து ஜன்னல்ல அப்பறா பாரு உன் பொண்டாட்டி! இன்னா வேண்டுதல்டா இது?"

"அத்தை, அச்சு எடுக்கறேன். ஆபீஸ் வேலை."

"ஆபீஸ்ல மாவு இல்லியா?"

சாலமன் பல்துலக்குகிற சாக்கில் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அடுத்த வாரம் சப்பாத்தி மாவு பிசையும்போது மரகதம் ஒரு சின்ன உருண்டையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தார். "இது உன் ஜன்னலுக்கு. மிச்சத்துல கைய வெக்காத" என்றார். அது கோபமா கிண்டலா என்று மெர்சிக்குப் புரியவில்லை. எடுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள், யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில், மரகதம் ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னலின் மேல் காடியைத் துடைத்தார். இறங்கும்போது ஸ்டூல் சாய்ந்தது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. சாலமனே தன் அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்தான். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். உள்ளே அம்மாவின் பக்கத்தில் மெர்சிதான் நின்றாள்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த மரகதத்துக்கு வலி கூடப் பெரிதாகத் தெரியவில்லை. துடைக்க முடியவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெர்சி லீவு போட்டு வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் மிஷினை இழுத்துவந்து, அந்த மாவு அச்சை வைத்து முனை திருத்திய புது மூக்கை மாட்டி, "நீங்க சொல்லுங்க அத்தை, நான் செய்றேன்" என்றாள்.

மரகதம் நாற்காலியிலிருந்தே வேலை வாங்கினார். அந்தக் கோடி விட்டுப்போச்சு, கொசுவலை பக்கம் பாரு, மூலையில இன்னொரு தரம். மிஷினை நிறுத்தியபோது வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அப்போது கேட்டார்:

"அன்னிக்கு உன் வெரல்ல ஒட்டிச்சா?"

மெர்சிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டாள்: "என்ன அத்தை?"

"தூசி. நீங்க வர்றீங்கன்னு விடியறதுலேருந்து அந்த ஜன்னல தொடைச்சேன். தொடைக்கத் தொடைக்கக் காத்து கொண்டாந்து போடுது. நீங்க வாசல்ல செருப்பு கழட்டறப்ப கூட ஒரு தரம் தொடைச்சேன். ஒட்டிச்சா?"

"நான் பாக்கவே இல்ல அத்தை. சத்தியமா. வெரல் உள்ள போவுதான்னுதான் பாத்தேன். வெரல திருப்பி கூட பாக்கல."

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் மரகதம்.

"நீங்க கேக்கவே இல்லியே."

"கேக்கற விஷயமா அது!" என்று மரகதம் இடது கையால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மருமகள் எதிரில் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மெர்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்து போய் இரண்டு பேருக்கும் காபி போட்டாள்.

அதற்குப் பிறகு மிஷினைத் தானே பிடித்துப் பார்க்கவேண்டும் என்று மரகதம் அடம்பிடித்தார். இடது கை ஒன்றுதான் சும்மா இருந்தது. நேரான மூக்கைக் காடிக்குள் இறக்க, மணிக்கட்டைத் திருகி முழங்கையைத் தூக்க வேண்டியிருந்தது. இரண்டு இழுப்பில் கை ஓய்ந்துவிட்டது. மெர்சி பக்கத்தில் நின்று அந்த முழங்கை மேலே போவதையே பார்த்தாள். டப்பாவிலிருந்து துண்டுகளை யாரும் எடுப்பதில்லை என்ற புகார் அப்போதுதான் அவளுக்கு வேறு மாதிரிக் கேட்டது. இத்தனை மாதமும் தூசியின் பக்கத்திலிருந்தே யோசித்திருக்கிறோம், பிடிக்கிற கையின் பக்கத்திலிருந்து ஒரு நாளும் யோசிக்கவில்லை என்று பட்டது. மறுநாள் ஆபீஸுக்குப் போய், மூக்கின் கழுத்தை வளைத்து, வளைவில் ஒரு திருகு மூட்டு வைத்தாள். கை நேராக இருக்க, முனை மட்டும் காடிக்குள் படுத்துக்கொண்டது.

ரகுராம் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டு என்றால் வார்க்க இரண்டு அச்சு வேண்டும், செலவு கூடும், டப்பாவில் இடம் பிடிக்கும் என்றார். அவர் சொன்னதும் சரிதான். பேசிப் பேசி முடியாமல், வீட்டில் மிஷினைப் புழங்குகிற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. வந்தவர்களில், கட்டுப் பிரித்து இன்னும் விறைப்பாக இருந்த கையோடு மரகதமும் ஒருவர். நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ரகுராம் கேட்டார்: "எப்படிம்மா இருக்கு?"

"கைக்கு நல்லா இருக்கு சார். சத்தம்தான் காது கிழியுது. இந்த மூக்கு முனையில இன்னாத்துக்கு இந்த மயிரு? அதுலயே குப்ப சுத்திக்குது."

அது மெர்சி ஆசை ஆசையாக வைத்த பிரஷ். ரகுராம் அவளைப் பார்த்தார். அவள் மேஜையைப் பார்த்தாள். கடைசியில் பிரஷ் போனது, அந்தச் செலவு மிச்சமானதில் மூட்டு நின்றது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் மரகதம், "கோச்சுக்கினியா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றாள் மெர்சி. மரகதம் அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

வளைந்த மூக்கு கடைக்கு வந்தது. ஆகா ஓகோ என்று ஓடவில்லை, படுக்கவும் இல்லை. யாரோ ஒருவர் அதை வைத்து ஹார்மோனியத்தைச் சுத்தம் செய்கிற வீடியோ போட்டிருந்தார். மெர்சி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மரகதம் இப்போது ஜன்னலுக்கு மிஷின்தான் பிடிக்கிறார். முடித்ததும் பின்னாலேயே ஈரத்துணியாலும் ஒரு தரம் துடைப்பார். அதை யாரும் கேட்பதில்லை.

போன மாதம் மரகதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தங்கவயலுக்குப் போனார். அவர் போன மறுநாள் ஜன்னலைச் சுத்தம் செய்ய மிஷினை எடுத்த மெர்சிக்கு வளைந்த மூக்கு மட்டும் கிடைக்கவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டுப் போன் போட்டாள்.

"அத்தை, அந்த மூக்க எங்க வெச்சீங்க?"

"எங்கிட்டதான் இருக்கு."

"அங்கயா? மிஷின் இங்க இருக்கே. மூக்க மட்டும் எடுத்துட்டுப் போய் என்ன பண்றீங்க?"

"லைன்ல எல்லாருக்கும் காட்டினேன்" என்றார் மரகதம். "பக்கத்து வீட்டு க்ளென் பொண்டாட்டி இது இஸ்திரிப் பெட்டிக்கான்னு கேக்கறா. அவளுக்கு வெளங்கச் சொல்றதுக்குள்ள எனக்குத் தொண்ட காஞ்சிபோச்சு. நீயே சொல்லு, இரு, அவகிட்ட குடுக்கறேன்."