பெயர் உரிக்கும் கடை

ஜொகூர் பாருவில் குமாரின் ஜெர்சி கடை, வியாழன் காலை பத்தே முக்கால். முப்பது சட்டைகளை இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி, ஐரோப்பியக் காற்பந்து நட்சத்திரம் ஒருவரின் பெயரைக் குமார் உரித்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் குழுச் சின்னத்தை முத்தமிட்டவர், நேற்று கொழுத்த ஒப்பந்தத்தோடு பாலைவன நாட்டுக் குழுவுக்குப் போய்விட்டார்.

“புதிய சவாலைத் தேடிப் போறாராம். பேட்டியில படிச்சேன்,” என்கிறேன்.

“அலமாக்! அவரு பேரோட முப்பது சட்டைய விக்கிறதுதாண்ணே சவாலு!”

மகனுக்குச் சட்டை கேட்டு ஒரு பெண்மணி வருகிறார். உரித்த சட்டை ஒன்றைக் குமார் விரித்துக் காட்டுகிறார்.

“இதுல உங்க மகன் பேர அடிச்சுத் தரேன்க்கா. அவரு எங்கயும் ஓட மாட்டாருல்ல?”

“அவனும் இங்க வேலைய விட்டுட்டு சிங்கப்பூருக்குப் போயிட்டான் தம்பி. அங்கதான்லா சம்பளம்!”

குமார் பெயர் ஒட்டும் எழுத்துகள் இருக்கும் பெட்டியை மூடுகிறார்.

“அப்ப நம்பர் மட்டும் போதும்க்கா.”