சிங்குக்குக் கீழே இருந்த வேட்டித் துண்டு

புலம்பெயர்ந்து வந்த ஊரான லிட்கமில், கேம்பர் வான் திருத்துகிற ஒரு கராஜில் பதினாறு வருடம் வான்களின் உள்பக்கம் கழுவித் துடைத்தேன். இங்கிலிஷில் என் பெயரை மட்டும்தான் எனக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் மெத்தை, திரைச்சீலை, குசினி அலுமாரி என்று என் கை படாமல் ஒரு வானும் அங்கிருந்து வெளியே போனதில்லை. அதைப் பெருமையாகவே சொல்வேன்.

அப்போது புகைச் சட்டம் இறுக்கமாக இருந்தது. பத்து செக்கனுக்கு மேல் விடாமல் புகை கக்கினால் குற்றம். வீட்டுக்குக் கடிதம் வரும். திருத்திக் காட்டாவிட்டால் வண்டியை றோட்டில் ஓட்ட முடியாமல் போகும். கேம்பர் வான் என்று தனிச் சலுகை கிடையாது.

அப்படி ஒரு கடிதத்தோடு பிளாக்டவுனிலிருந்து சிவபாலன் ஐயா வந்தார். அவருடைய மனைவி மகேசுவரிக்கு முதுகில் ஒப்பரேஷன் செய்திருந்தது. எங்கே போனாலும் மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிறுத்தி, நிமிர்ந்து படுக்க வேண்டும். டபோவுக்கும் அங்காலே, ஆறு மணித்தியால ஓட்டத்தில், ஒரு சின்ன ஊரில் அவர்களுடைய மகள் முதல் பிள்ளைக்குக் காத்திருந்தாள். டொக்டர் சொன்ன நாளுக்குப் பத்து நாள்தான் கிடந்தது.

கராஜ் முதலாளி நசீர் கல்முனைக்காரர். இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஃபில்டர் மாத்தினேன், இன்ஜெக்டர் பாத்தேன். இன்னும் கரியாத்தான் கக்குது. எஞ்சின இறக்கணும் ஐயா. மூணு கிழமை ஆகும்."

"மூண்டு கிழமையோ? நாங்கள் போய்ச் சேரேக்க பேரப்பிள்ளை வந்து கதவு திறக்கும்" என்றார் ஐயா. சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். மகேசுவரி வான் படியில் இருந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் இறக்குவதற்கு முன்னால் உள்சாமான்களை ஒதுக்குவது என் வேலை. சிங்குக்குக் கீழே கை விட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு. மணந்து பார்த்தேன். டீசல் இல்லை, நல்லெண்ணெய்.

"இதுக்குள்ள விளக்கு வைக்கிறனீங்களோ?"

"மெல்லக் கதையுங்கோ அக்கா. அவருக்குத் தெரியாது" என்றார் மகேசுவரி. "வெள்ளியில மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வாறனாங்கள். எனக்கு உள்ளுக்க நிண்டு கும்பிட ஏலாது. அவர் போன பிறகு இஞ்ச சின்னனா ஒண்டு கொளுத்துவன். இந்த ஓட்டையால காத்து வந்து ரெண்டு தரம் நூந்து போச்சு. பிள்ளைத்தாச்சிக்காக வைக்கிற விளக்கெல்லே, மனம் கேக்கேல்லை. அடைச்சுப் போட்டன்."

அந்த வானை யாரோ முன்பு தன் கையாலேயே கேம்பராக மாற்றியிருந்தார். மகேசுவரி அடைத்தது எஞ்சினுக்குக் காற்று போகிற வழி. வெளியிலிருந்து பார்த்தால் தகரத் தட்டிதான் தெரியும், அதனால் நசீரின் கண்ணில் படவில்லை. காற்றில்லாத அடுப்பு புகையும் என்று எனக்குத் தெரியாதா? இழுத்தேன். பாதி வேட்டி வந்தது.

"சொல்லிப் போடாதேங்கோ. வானுக்குள்ள நெருப்போ எண்டு பேசுவார். பிறகு கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போகமாட்டார்."

துணியை வாளியில் போட்டு மூடிக்கொண்டு இறங்கினேன். "தம்பி, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ."

நசீர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். கறுப்பாக ஒரு தரம் வந்தது. ஐயா வாய்விட்டு எண்ணினார். ஐந்துக்குள் சாம்பல் நிறமானது. எட்டில் ஒன்றுமே இல்லை. நசீர் அக்ஸிலேட்டரை மிதித்தார். அப்போதும் இல்லை.

ஐயாவின் கண் வாளிக்குப் போனது. துணி விலகியிருந்தது.

"அது என்ர வேட்டிக் கரை."

ஐயா மனைவியிடம் போனார். "கோயிலால வரேக்க எந்த நாளும் நல்லெண்ணெய் மணக்கும். முதுகுக்குப் பூசுறாய் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். பிறகு படியில் அவர் பக்கத்தில் இருந்தார். "என்னட்டச் சொல்லியிருக்கலாம். ரெண்டு பேருமாக் கும்பிட்டிருப்பம்."

"கும்பிடுங்க ஐயா. ஆனா கேஸ் அடுப்புப் பக்கத்துல வேணாம்" என்றார் நசீர். "கண்ணாடிக் கூடு ஒண்டு செஞ்சு தாறேன். வெளிய வெச்சுக் கொளுத்துங்க."

வேலைக் கார்ட்டில் காற்று வழி அடைப்பு என்று எழுதி, கண்டுபிடித்த ஆளின் பெயரையும் எழுதினார். அதை நானே வாசித்தேன்.

சனிக்கிழமை புறப்பட்டவர்கள் பிள்ளை பிறப்பதற்கு நான்கு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு எந்த வான் புகைத்துக்கொண்டு வந்தாலும், எஞ்சின் மூடியைத் திறக்க முதல் நசீர் என்னைத்தான் கூப்பிடுவார்.

"அக்கா, அவங்களோட கொஞ்சம் கதைச்சிட்டு வாங்க."

நானும் துணியை நனைத்துக்கொண்டு உள்ளே ஏறுவேன்.