பன்னிரண்டாம் அறையின் மணி

தொழிற்சாலையில் அவருக்கு 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். அழைப்புமணிக் கருவிகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. படுக்கையில் கிடப்பவர் பொத்தானை அமுக்கினால், நர்ஸ் மேஜைக்கு மேலிருக்கும் பலகையில் அந்த அறையின் எண் எரிய வேண்டும். பத்து முறை எரிந்தாலும் அவருக்குப் போதாது, "இன்னொரு தடவை பாத்துடலாமே" என்பார். கூட வேலை செய்கிறவர்களுக்கு அவரைக் கண்டாலே கொட்டாவி வரும். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் கைகூடவில்லை. உறவென்று சொல்லிக்கொள்ள அக்கா ஒருத்திதான். இடுப்பு முறிந்ததிலிருந்து அவளும் ஒரு காப்பகத்தின் ஆறாம் அறையில் கிடந்தாள். அங்கே மாட்டியிருந்ததும் அவர் முத்திரை குத்திய கருவிதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை.

அந்தப் பெருமை அவர் கண்ணை மறைத்துவிட்டது.

"அமுத்துறேன், ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்கடா" என்று அக்கா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஆள் வராமல் படுக்கை நனைந்துபோனது. அதைச் சொல்லும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் நேரே நர்ஸிடம் போய்க் கேட்டார். "ஆறு எரியவே இல்லையே சார்" என்றாள் அவள். அவ்வளவுதான், மனிதர் முடிவு கட்டிவிட்டார்.

"நீ அமுத்தியிருக்க மாட்டேக்கா. அமுத்துனதா நெனச்சுக்கறே. வயசானா அப்படித்தான்."

ஊரில் உள்ள எந்திரத்தையெல்லாம் சந்தேகப்படுகிறவர், எந்திரத்தை விட்டுவிட்டுக் கூடப்பிறந்தவளைச் சந்தேகப்பட்டார். எனக்கு அவர்மேல் இருக்கிற கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்வையாளர் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, பலகையில் பன்னிரண்டு எரிந்தது. நர்ஸ் ஏறெடுத்தும் பார்க்காமல் அணைத்தாள்.

"பன்னெண்டுல யாரும்மா?"

"யாருமில்ல சார், பழைய கட்டில்தான் கெடக்கு. ஆனா தெனமும் அடிக்கும். பேய் குடியிருக்குன்னு பேசிக்குவோம்" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்துக்கொண்டேதான் ஆறாம் அறைக்குள் போனார். அக்காவின் கட்டைவிரல் இன்னும் பொத்தான்மேல் அழுந்தியிருந்தது. பன்னிரண்டு எரிந்தது இவள் அமுக்கித்தான்.

ஆறு எப்படிப் பன்னிரண்டாகும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கருவிக்குத் தெரிந்த எழுத்தே இரண்டுதான், குட்டைத் துடிப்பு ஒன்று, நெட்டைத் துடிப்பு ஒன்று. முதலில் 'இதோ ஆரம்பிக்கிறேன்' என்று மிக நீளமாக ஒரு துடிப்பு வரும். அதன்பின் நான்கு துடிப்பு வந்தால் அறை எண். நெட்டைக்கு வரிசைப்படி எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று மதிப்பு, குட்டைக்கு ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். குட்டை, நெட்டை, நெட்டை, குட்டை என்றால் ஆறு. தலைக் குட்டை தொலைந்து வாலில் ஒரு குட்டை சேர்ந்தால் அதுவே பன்னிரண்டு.

அக்காவின் பொத்தானை மறுநாள் சோதனை மேஜைக்குக் கொண்டுபோனார். அதற்குள்ளிருந்த பேட்டரி சோர்ந்து கிடந்தது. திரையில் அலையை ஓடவிட்டார். தொடக்கத் துடிப்புக்கும் அடுத்த குட்டைக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியைக் காணோம், இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிந்தன. தொடக்கம் வழக்கத்தைவிட நீண்டுவிட்டதே என்று, துடிப்பை வாங்கும் பலகைக் கருவி கேட்கவில்லை. மூன்றுதானே வந்தது, நாலாவது எங்கே என்றும் கேட்கவில்லை. மிச்சமிருந்த மௌனத்தைக் குட்டை என்று தானாகவே போட்டு நிரப்பிக்கொண்டது.

இருபது வருஷமாக அவர் பொத்தான்களுக்கு மேஜையிலிருந்தே வயர் இழுத்து மின்சாரம் கொடுத்துத்தான் சோதித்திருக்கிறார். பேட்டரி போட்டுச் சோதித்ததே இல்லை. ஆயிரம் முறை பார்த்தாலும் சோர்ந்துபோன ஒன்றை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை, ஏன் என்று கேட்கவும் யாரும் வரவில்லை.

தொழிற்சாலையில் கருவிக்கு ப்ரோகிராம் எழுதும் பெண் இரண்டே நாளில் சரிசெய்து கொடுத்தாள். இனிமேல் தொடக்கத்தின் நீளம் பிசகினாலும், துடிப்பு எண்ணிக்கை குறைந்தாலும், கருவி எண்ணை ஊகிக்காது. சிவப்பு விளக்கைப் போடும். யாரோ கூப்பிடுகிறார்கள், யாரென்று தெரியவில்லை, எல்லா அறையையும் போய்ப் பாருங்கள் என்று அர்த்தம். காப்பகத்தில் அவரே போய் மாற்றினார், புதுப் பேட்டரியும் போட்டார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என் மேலதான்க்கா. நீ அமுத்தினது நெஜம்" என்றார்.

"சரி, விடு" என்றாள் அவள்.

ஒரு மாதம் கழித்துக் கருவியில் பதிவான அழைப்புகளை எடுத்துப் பார்த்தார். ஆள் இருக்கும் மற்ற எல்லா அறையிலிருந்தும் அழைப்பு இருந்தது. சிவப்பு விளக்கு இரண்டு முறை எரிந்திருந்தது, நர்ஸும் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். ஆறாம் அறைக்கு நேரே பூஜ்யம். மனிதர் திருந்தினாரா? முதலில் பொத்தானைத்தான் பிரித்தார். பேட்டரி முழுசாக இருந்தது, துடிப்பெல்லாம் கச்சிதம். அதற்கப்புறம்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"ஏன்க்கா அமுத்தறதில்ல?"

"கூப்பிட்டு யாரும் வரலைன்னா கொஞ்ச நாளைக்குக் கோவம் வரும்டா. அப்புறம் கூப்பிடணும்னே தோணாது." அவரை ஏற இறங்கப் பார்த்து, "நீ மட்டும் என்ன, வீட்டுல யாரைக் கூப்பிடறே?" என்றாள்.

அவர் பொத்தானை அவள் கையில் வைத்தார். "நான் வெளிய பலகைக்குக் கீழதான் உக்காந்திருப்பேன். அமுத்து. நானே வரேன்."

பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று எரிந்தது, ஒன்பது எரிந்தது, மறுபடி மூன்று எரிந்தது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதென்று நர்ஸ் வந்து சொன்னாள். போகுமுன் ஆறாம் அறைக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார். பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தபடி அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் அமுக்கவில்லை.