அஃப்ராவுக்குக் கிடைத்த சனிக்கிழமை

பனிக்காலச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் விடுதிக்காரர்களிடம் பேச்சுக் கொடுக்கவே கூடாது. காலையில் பழைய விருந்தினர் கிளம்புவார்கள், மாலையில் புதியவர்கள் வந்து இறங்குவார்கள். நடுவில் படுக்கை மாற்றும் வேலை. எதிர்வீட்டு அஃப்ராவின் விடுதியில் ஏழு அறைகள். அவள் கணவன் கொர்பீனியன் பனிச்சறுக்கு வாத்தியார். அவனுக்கு ஓய்வு சனிக்கிழமை மட்டும். அவளுக்கு மூச்சுவிட நேரமில்லாததும் அன்றுதான். ஊரார் குடும்பங்களுக்கெல்லாம் விடுமுறை ஏற்பாடு செய்து கொடுப்பவர்கள், தாங்கள் ஒருநாள்கூடச் சேர்ந்து மலைக்குப் போனதில்லை.

அது வெளியே சொல்லும் காரணம். பதினோரு வருடத்துக்கு முன்னால் அஃப்ரா சறுக்கும்போது விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டாள். வேண்டாம் வேண்டாம் என்றவளை அந்தச் செங்குத்துச் சரிவுக்கு இழுத்துப் போனது நான்தான். முட்டி ஒரே வருடத்தில் கூடிவிட்டது. ஆனால் அவள் அதன்பிறகு சறுக்குக் கட்டையைத் தொடவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, தைரியமில்லை.

இந்த ஜனவரியில் அவள் மகள் ரொசீனா பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். “வாத்தியார் பொண்டாட்டிக்கே சறுக்கத் தெரியாதுன்னு எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா.”

கொர்பீனியன் அப்போதே அறிவித்துவிட்டான். “அடுத்த சனிக்கிழமை நமக்கு லீவு. மூணு பேரும் மலைக்குப் போறோம்.”

அஃப்ரா உட்கார்ந்து திட்டம் போட்டாள். திட்டமா அது? எந்த அறைக்கு எத்தனை தலையணை உறை, எத்தனை மணிக்கு எந்தத் துண்டு என்று இரண்டு பக்கம் எழுதி, மாலை வரை தனக்கு ஒழிவே இல்லை என்று நிரூபித்திருந்தாள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் எனக்குச் சனிக்கிழமை விடுமுறைதான்.

“சாவியக் குடுடி. ஏழு ரூமையும் நான் பாத்துக்கறேன்.”

“நீயா? உன் வீட்டுக் கட்டிலப் பாத்தா நாய் பொரண்ட மாதிரி இருக்கும்!”

“இருக்கட்டும். நீ கெளம்பு.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “பயமா இருக்குடி, புர்கி.”

“தெரியும். எனக்கும்தான்.”

அந்தச் சனிக்கிழமை, ஆறாவது அறை ஜன்னலிலிருந்து கீழ்ச்சரிவைப் பார்த்துக்கொண்டே உறை மாற்றினேன். முன்னால் கொர்பீனியன், பின்னால் ரொசீனா, நடுவில் அஃப்ரா. முதல்நாள் வகுப்புக்கு வந்த குழந்தை மாதிரி, வேகம் பிடிக்காமலிருக்கக் கட்டைகளின் முன்நுனிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக வந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். போச்சு, திரும்பி நடக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

கட்டைகளை நேராக்கினாள். வாத்தியாரையே தாண்டிக்கொண்டு இறங்கினாள். ரொசீனா போட்ட கூச்சல் ஜன்னல் வரை கேட்டது. “அம்மா, நில்லும்மா! நானும் வரேன்!”

அப்பாடா என்று உட்கார்ந்து அழுது தீர்த்தேன். பதினோரு வருடப் பாரம் அது. அப்புறம்தான் பார்த்தேன், மடிப்புக் கலையாமல் விரித்து முடித்த படுக்கைமேல் உட்கார்ந்திருக்கிறேன். அதை மறுபடி விரிக்க எனக்குக் கொஞ்சமும் அலுப்பாக இல்லை.